உட்கார மறுத்த பையன்

இப்போதெல்லாம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கூட்டம் போடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, ஒரு துண்டைப் போர்த்துவார்கள். மேடையேறுகிறவர்கள் எல்லாரும், அந்தக் காலத்துப் பையன்கள் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தார்கள் என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் அந்தப் பையன்களுக்கு நடுவில் நின்றவள் நான். யாரும் அடங்கிக் கிடக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற பக்கத்தில் ஒரு ஊரில், எட்டாம் வகுப்பு வரை இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நீளம். மேலத்தெரு, கீழத்தெரு என்று ஊர் இரண்டு. மேலத்தெருக்காரர்களுக்கு நிலமும், பட்டாசுக் கம்பெனிகளும் இருந்தன. கீழத்தெருக்காரர்கள் முன்பு அந்த நிலத்தில் கூலிக்குப் போனார்கள், பிறகு அந்தக் கம்பெனிகளில் கூலிக்குப் போனார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது மிஷனின் சட்டம். உட்கார்ந்தார்கள். மணி அடித்ததும் எழுந்து வெளியே போய் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தார்கள்.

என் மேஜை இழுப்பறையில் சாக்கட்டியை விடப் பஞ்சும் டிஞ்சர் பாட்டிலும்தான் சீக்கிரம் தீர்ந்தன. கல்லடி பட்டுப் புருவம் கிழிந்து வருவான் ஒருவன். பனங்கருக்கு மட்டையால் கெண்டைக்காலில் இழுபட்டு, நடந்த வழியெல்லாம் ரத்தம் சொட்ட வருவான் இன்னொருவன். ஒரு தடவை காம்பஸ் முள் ஒரு பையனின் தோளில் குத்திய இடத்திலேயே நின்றது. அதைப் பிடுங்கியவள் நான். தலைமை ஆசிரியர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், நன்றாகப் பாடுவார். ஆனால் அடிப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அடிபட்டவனையும் அடிப்பார், அடித்தவனையும் அடிப்பார். தொடையின் பின்பக்கம் பிரம்பு விழுகிற சத்தம் என் வகுப்பு வரை கேட்கும். பெற்றவர்களுக்கும் அது பிடித்திருந்தது. "தோல உரிச்சு உப்புக்கண்டம் போடுங்க சார், நாங்க கேக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாங்கிய அடியைப் பையன்கள் சாயங்காலம் எதிர்த்தெருக்காரனுக்கு வட்டியோடு கொடுத்தார்கள்.

வேறு ஊர்களில் பையன்கள் சண்டை கல்லோடும் கம்போடும் முடிந்துபோகும். எங்கள் பக்கத்தில் வெடிமருந்து இருந்தது. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் உடுப்பில், விரலிடுக்கில், கூரை இடுக்கில் எங்கும் மருந்து. அதில் பொடிக்கல்லைப் போட்டுக் காகிதத்தில் சுருட்டி, வெங்காயம் மாதிரி கட்டிவிடுவார்கள். பெயரும் வெங்காய வெடிதான். திரி கிடையாது, நெருப்பு வேண்டாம். ஓங்கி எறிந்தால் விழுந்த இடத்தில் வெடிக்கும். திருவிழாவில் பாறையில் எறிந்து விளையாடுவதற்கு என்று வந்தது. ஆள் மீது எறியலாம் என்று கண்டுபிடிக்க எங்கள் பையன்களுக்கு அதிக நாள் ஆகவில்லை.

அதை எறிகிறவனுக்கும் ஆபத்து உண்டு. நான் வந்த முதல் வருஷம் ஒரு பையன் கால்சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு, நினைப்பில்லாமல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். தொடைச் சதை சுவரில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்த ஆயா அன்றோடு வேலையை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு, பையில் வெடி வைத்திருக்கிற பையன் எவனும் உட்காரமாட்டான். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தத் தலைமை ஆசிரியர் அப்போது ஊருக்கு வந்திருக்கவில்லை, அவருக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த வாரத்தில் நடந்தது. பொங்கலன்று சடுகுடுப் போட்டியில் கீழத்தெரு இளவட்டம் ஒருவன், மேலத்தெருப் பையன் ஒருவனைப் பிடித்து அமுக்கி, மூச்சு விடும்வரை எழவிடாமல் ஜெயித்துவிட்டான். தோற்ற பையன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அவன் அப்பா பட்டாசுக் கம்பெனி முதலாளி. ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில், தோற்றவன் ஒரு வெங்காய வெடியை எடுத்து ஜெயித்தவன் முகத்தில் எறிந்தான். பொடிக்கல் முகமெல்லாம் பாய்ந்தது. இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண்ணுக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று விருதுநகர் ஆஸ்பத்திரியில் இரண்டையும் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். விளையாட்டில் பட்டது, திருவிழா வெடி, பையன்கள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அமுக்கிப் பிடித்து அவமானப்படுத்தியதுதான் முதல் தப்பு என்று சொல்லி, கண் போனவனின் அப்பனைக் கூட்டத்தில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். அவர் அந்த முதலாளியின் கம்பெனியில்தான் மருந்து கலக்கிற வேலையில் இருந்தார். விழுந்து கும்பிட்டார். அதைக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவன் அவருடைய இளைய மகன். அவனும் என் எட்டாம் வகுப்புதான். அண்ணன் கண்ணை எடுத்தவன் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் அவன் இடம்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று காலை வருகைப் பதிவு எடுத்தேன். அந்தத் தம்பி "உள்ளேன் டீச்சர்" என்றான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவன் உட்காரவில்லை.

"உக்காருலே" என்றேன்.

"நிக்கிறேன் டீச்சர். கட்டி வந்திருக்கு."

இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளி வைத்திருந்தான். கால்சட்டைப் பைகள் இரண்டும் உப்பியிருந்தன. அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துச் சாக்கட்டி வழுக்கியது. கத்தினால் எறிந்துவிடுவான். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், ஒரே வாசல். புழுக்கமாக இருக்கிறது, மனக்கணக்கை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளலாம், முன்பெஞ்சு முதலில் கிளம்பட்டும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதாகத்தான் கேட்டது. பிள்ளைகள் சந்தோஷமாக ஓடினார்கள். கண்ணை எடுத்தவன் ஓடினான். தம்பியும் பின்னாலேயே போனான், ஓடாமல், காலை அகட்டி அகட்டி.

அவனை மட்டும் பின்தங்க வைத்து ஏதாவது செய்யலாம் என்று நான் போட்ட கணக்கு, முற்றத்தில் தலைமை ஆசிரியரைப் பார்த்ததும் பாழாய்ப் போனது. இன்றைக்கு ஒருத்தனை முடிக்காமல் விடமாட்டேன் என்று இந்தப் பையன் சொல்லித் திரிவதாக யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கையில் பிரம்போடு நேரே வந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினார்.

"முடிச்சுருவியோ? யாரடே முடிப்ப?"

பிரம்பு மேலே போனது. அது எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். தொடையில் விழும், பையின் மேல் விழும். நான் ஓடினேனா, விழுந்தேனா என்று இன்றும் தெரியாது. இடது முன்கையை நடுவில் கொடுத்துவிட்டேன். எலும்பில் பட்டது. கண்ணில் பொறி பறந்தது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"அவன் பையில வெங்காய வெடி இருக்கு சார். விடுங்க" என்றேன்.

அவர் விட்டுவிட்டார். பிரம்பையும் விட்டுவிட்டார். மரத்தடியில் இருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் தரையில் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள். ஒருவன் மட்டும் படுக்கவில்லை. கண்ணை எடுத்தவன் மரத்தை ஒட்டி அசையாமல் நின்றான். அவன் கால்சட்டை நனைந்து, கால் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

அதற்குள் தம்பி பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையை ஓங்கிவிட்டான். நான் அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தள்ளிக்கோங்க டீச்சர்."

"தள்ளமாட்டேன்."

"ஒங்களுக்கும் சேந்து படும்."

"படட்டும். எறியிறதா இருந்தா எறிஞ்சு தொல. எனக்குக் கை வலிக்கி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஆனா நீ எறியிற வேகத்துல ஒன் பையில இருக்கதும் வெடிக்கும். தொடையோட போயிரும், தெரியும்ல?"

"போகட்டும்."

பதினான்கு வயசுப் பையன் தன் காலைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன பேசுவது? பைபிள் வசனம் எதுவும் வாயில் வரவில்லை. அன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அவன் எறிந்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மரத்தை மறைத்து நின்றபடியே, கைக்கெட்டிய வராந்தா விளிம்பில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கினேன். அடிபட்ட கை தாங்கவில்லை, இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். நேரே அவன் முன்னால் போய் நின்று பானையை நீட்டினேன்.

"கைய உள்ள விடு."

அவன் என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் ஒருவன் கையை ஓங்கியபடியே நிற்க முடியும்? பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கிப் பானைக்குள் போனது. அவன் மனம் மாறியதால் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். மாறவில்லை. கை ஓய்ந்துபோனது, அவ்வளவுதான். ஓய்கிறவரை யாராவது எதிரில் நிற்க வேண்டியிருந்தது.

மீதித் தண்ணீரை அவன் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊற்றினேன். பைகளுக்குள் காகிதம் ஊறிக் கிழிந்து, சாம்பல் நிறத்தில் மருந்தும் கல்லும் கால் வழியாக இறங்கின. நனைந்த வெங்காய வெடி வெறும் சேறு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. யாரோ கம்பெனிக்கு ஓடிச் சொல்லிவிட்டார்கள். முதலாளி முன்னால், பின்னால் பத்துப் பதினைந்து பேர், கம்பும் அரிவாளுமாக வாசலில் நுழைந்தார்கள். படுத்திருந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். தம்பி ஈரம் சொட்ட நின்றான். அவன் பையில் வெடி இருந்தவரை ஊரில் ஒருவரும் கிட்ட வரவில்லை. இப்போது எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது.

"நீங்க ஒதுங்கிக்கோங்க டீச்சர்" என்றார் முதலாளி. மரியாதையாகத்தான் சொன்னார். "அவன எங்ககிட்ட விடுங்க. மரத்துல கட்டி வச்சு விசாரிச்சுக்கிடுறோம்."

அந்த விசாரிப்பு எனக்குத் தெரியும். முந்தின வருஷம் கோழி திருடியதாக ஒருவனை அப்படித்தான் விசாரித்தார்கள். அவனுக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை. தலைமை ஆசிரியர் இரண்டடி பின்னால் போனார். இந்தப் பையனை நனைத்து, வெறுங்கையனாக்கி, இவர்கள் அடிப்பதற்கு வசதியாக நிறுத்தியவள் நான்தானே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தில்தான் அந்தப் பொய் வந்தது.

"கிட்ட வராதீங்க" என்றேன். "அவன் மேல இன்னும் ஒண்ணு இருக்கு. நனையாதது."

முன்னால் வந்த கால்கள் நின்றன.

"என்ன சொல்றீக டீச்சர்?"

"இருக்குன்னா இருக்கு. நம்பாட்டி ஓங்கி ஒரு அடி போட்டுப் பாருங்க."

மருந்தோடு பிழைப்பு நடத்துகிறவர்களிடம் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நான் பையனின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, என் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டு நடந்தேன். கூட்டம் விலகிக்கொண்டே போனது. ஒருவர் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன், அந்த இரும்பு பட்டு வெடித்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. பள்ளி வாசல், மேலத்தெரு முக்கு, கம்பெனி வேலி, அதையும் தாண்டிப் பஸ் வருகிற ரோடு. பின்னால் கொஞ்ச தூரம் வந்தவர்கள் வேலியோடு நின்றுவிட்டார்கள். பையன் விறைத்துப்போய் நடந்தான். பயத்தில்தான் என்று நினைத்து, நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் வெறும் கரிசல் காடு. ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே வந்ததும் அவன் நின்றான்.

"டீச்சர், கைய மெதுவா எடுங்க."

"ஏன்லே?"

"நெசமாவே ஒண்ணு இருக்கு."

சட்டைக்கு உள்ளே, அரைஞாண் கயிற்றில், மெழுகுத்தாளில் பொதிந்து கட்டியிருந்தான். நனையவே இல்லை. இவ்வளவு தூரமும் என் கை அதன் மேல்தான் இருந்தது. இறுக்கி இறுக்கிப் பிடித்தபடி வந்திருக்கிறேன். பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது. அறையவும் முடியாது, வெடி இருக்கிறதே.

"இது யாருக்கு வச்சிருந்த?" என்று கேட்டேன்.

அவன் சட்டையை இழுத்து அதை மூடினான்.

"எங்கப்பனுக்கு" என்றான். "அத்தன பேரு முன்னாடி விழுந்து கும்பிட்டாருல்ல. அண்ணனுக்குக் கண்ணு போயி, ரெண்டு நாளுகூட ஆகல."

எனக்கு அந்த அப்பனைத் தெரியும். மகன் படிப்பைப் பற்றிக் கேட்க வந்தால் வாசல்படிக்கு வெளியேதான் நிற்பார். அவர் விழாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இவனிடம் சொல்லலாம். சொல்லவில்லை. அது இவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு கோபம்.

ரோட்டோரம் ஒரு தோட்டக் கிணறும், மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியும் இருந்தன. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தொட்டியைக் கையால் காட்டினேன். அவன் கயிற்றை அவிழ்த்து, தாளைப் பிரித்து, அதைத் தண்ணீருக்குள் வைத்து, கரைகிறவரை விரலால் அமுக்கிப் பிடித்திருந்தான். பிறகு தொட்டியின் அடியில் இருந்த துணியடைப்பைப் பிடுங்கித் தண்ணீரையெல்லாம் வடியவிட்டான். மாடு குடித்தால் செத்துப்போகும் என்றான். கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியைக் கழுவி, மறுபடி நிரப்பியும் வைத்தான். நான் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு மனுஷனும் இந்தப் பையனை இன்றைக்கு வீட்டில் இருக்கவிடமாட்டான் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ் வந்ததும் ஏறினோம். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் மூத்தவன் கூடத்தான் இருந்தாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவள் மகன் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"என்ன டீச்சர், இங்கன வந்திருக்கீக? கையில என்ன வீக்கம்?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்தவன் முகத்தைத் திருப்பினான். நெற்றியிலிருந்து மூக்கு வரை கட்டு. தம்பி வந்திருக்கிறான் என்று காலடியிலேயே தெரிந்துகொண்டான் போலிருக்கிறது.

"ஏலே, எறிஞ்சிட்டியா?"

அப்படியானால் இவனுக்குத் தெரியும். இவன் சொல்லித்தான் செய்தானோ என்று நினைத்தேன்.

"இல்லண்ணே" என்றான் தம்பி. தோற்றுப்போனவன் குரலில் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மூத்தவன் கையை நீட்டிக் காற்றில் துழாவினான். தம்பி கட்டில் பக்கம் போய்க் குனிந்தான். மூத்தவனின் விரல்கள் அவன் தலையைத் தொட்டு, நெற்றிக்கு வந்து, ஒரு இமையைத் தடவிப் பார்த்தன. அழுத்திப் பார்த்தன. பிறகு அடுத்த இமை.

"ரெண்டும் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"கைய காமி."

தம்பி இரண்டு கைகளையும் அவன் கைகளுக்குள் வைத்தான். அவன் விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தான். மூத்தவனுக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

"நீ எறியப் போறேன்னு சொல்லிட்டுப் போனதுலருந்து, வேணாம்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பலாம்னு பாத்தேன். அவ ஊருக்குப் போனாத்தான?" என்றான். "இன்னொரு கண்ணும் தெரியுமான்னு கட்ட அவுத்தாத்தான் சொல்லுவாகளாம். தெரியலன்னா என்னயக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒருத்தன் வேணும்லே. நீயும் போயிட்டா நான் யாரக் கூப்பிட?"

பையன் அன்று முழுக்க அழவில்லை. பிரம்பு ஓங்கியபோதும், அரிவாள் வந்தபோதும் அழவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதான்.